எட்டு நாள் சுகம்

என் கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. எப்படி இறந்தார் என்று யாராவது கேட்டால், சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கடைசியில் இருதயமும் தாங்கவில்லை என்று சொல்லிவிடுவேன். அது பொய்யில்லை. ஆனால் அவர் இறப்பதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு ஓர் எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளை விட்டுவிட்டுத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

நாங்கள் கல்முனையில், தமிழர் வீடுகள் முடிந்து முஸ்லிம்களின் வீடுகள் தொடங்குகிற ஒரு குறுக்கு வீதியில் குடியிருந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் விவசாயப் போதனாசிரியர். சவளக்கடை, வீரமுனை என்று மோட்டார் சைக்கிளில் வயல் வயலாகத் திரிந்து, எந்த நெல்லுக்கு என்ன நோய், எப்போது பசளை போடுவது என்று விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவருடைய வேலை. நான் ஆசிரியை. ஒன்பதாம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். சிறுநீரகத்தைக் கரும்பலகையில் கீறி, இரத்தம் எந்த வழியால் உள்ளே போகிறது, கழிவு எந்த வழியால் வெளியேறுகிறது என்று வருடா வருடம் அம்புக்குறி போட்டுக் காட்டியவள் நான். இதை எழுதுவதற்குக் காரணம், பாவம், அவளுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் எனக்காகச் சொல்லிவிடக் கூடாது என்பதுதான்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயதில் டயலிசிஸ் தொடங்கியது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் நான்கு மணித்தியாலம் மெசினோடு படுத்திருக்க வேண்டும். கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர சாய்ந்தமருதிலிருந்து ஓர் ஓட்டோக்காரர் வருவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் முறையில் நான் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னை டீச்சர் என்பார், என் கணவரை சேர் என்பார். வெள்ளிக்கிழமைகளில் இவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, ஜும்ஆத் தொழுகையை முடித்துக்கொண்டு நேரே திரும்பி வருவார். இரண்டு வருடத்தில் ஒரு நாளும் பிந்தியதில்லை.

நோயைவிட என் கணவரை வதைத்தது தாகம். நாளொன்றுக்கு இத்தனை கோப்பைத் தண்ணீர் என்று அளவு. சித்திரை வெயிலில் வாய் வறண்டு, ஒரு துண்டு ஐஸ் கட்டியை நாக்கின் கீழ் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கிடப்பார். பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

எனக்கு அந்தக் காலத்தில் ஆண்டவர்மீது ஒரு வழக்கு இருந்தது. இவர் யாருக்கும் கெடுதல் நினைத்தவரில்லை. நான் இருபது வருடம் ஞாயிறு பாடசாலை நடத்தியவள். நல்லவர்களை ஆண்டவர் காப்பார், தீமை செய்கிறவர்களை விட்டு விலகியிருங்கள் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! அந்தச் சொல்லை நானே முழுதாக நம்பினேன். அப்படியானால் இது எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது? எங்கோ ஒரு பிழை இருக்கிறது, அதைத் திருத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நம்பிக்கை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

மச்சாள், அதாவது இவருடைய தங்கை, மட்டக்களப்புப் பக்கம் ஒரு ஊரில் இருக்கிறாள். அவளுடைய வீட்டு முற்றத்தில், ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிக்கும் ஓர் ஊழியக்காரர் மூன்று நாள் செபக்கூட்டம் நடத்துகிறார் என்று அறிவித்தாள். கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை காலை இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பந்தல் போட்டு, கதிரை அடுக்கி, நிறையச் சனம். ஊழியக்காரர் மெலிந்த மனிதர். கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார். அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்தது. இவருடைய தலையில் கை வைத்துக் கனநேரம் செபித்தார். பிறகு இவருடைய இடது கையில் ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போயிருந்த நரம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"தங்கச்சி, ஒரு கையில விசுவாசம், மற்றக் கையில மெசின். ஆண்டவர் எந்தக் கையைப் பிடிக்கிறது?"

நான் அழுதுவிட்டேன். அந்தக் கேள்வி எனக்காகவே இவ்வளவு நாளும் காத்திருந்தது போலிருந்தது. நான் தேடிக்கொண்டிருந்த பிழை அதுதான். நாங்கள் பாதி நம்பியிருக்கிறோம்.

திரும்பி வரும் வழியில் இவரிடம் சொன்னேன். "இனி ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்ல. ஆண்டவர் செய்துபோட்டார்."

அவர் வழியோரத்து வாவியைப் பார்த்தார். பிறகு, "நீர் சொல்லுறீரெண்டா நான் போகாம நிக்கிறன்" என்றார்.

அன்று பின்னேரம் ஒரு பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து, மிடறு மிடறாக, கடைசிச் சொட்டுவரை குடித்தார். நான் கைதட்டிச் சிரித்தேன். அவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு வாசலில் ஓட்டோச் சத்தம் கேட்டது. நான் வெளியே போய்ச் சொன்னேன்: "இண்டைக்குப் போகல்ல, காக்கா. இனிப் போறதுமில்ல. சேருக்கு ஆண்டவர் சுகம் குடுத்துட்டார்."

காக்காவின் முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். பிறகு ஒரு கணம் யோசித்து, "டொக்டர் சொன்னாரா, டீச்சர்?" என்று கேட்டார்.

"டொக்டரைவிடப் பெரிய ஆள் சொன்னார்."

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்து நின்றார். எனக்குக் கோபம் வந்தது. சொன்னேன்தானே, ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"கோவிக்காதீங்க, டீச்சர். உங்கட வேதத்தப் பத்தி நான் கதைக்கல்ல. நானும் காலையில அல்லாஹ்கிட்ட துஆக் கேட்டுப்போட்டுத்தான் வண்டிய ஸ்டார்ட் பண்ணுற. ஆனா பெற்றோலும் அடிக்கிறன்."

நான் கதவைச் சாத்தினேன். உள்ளே இவர் கட்டிலில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கால் இரண்டும் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அந்தக் குழி மெல்ல மெல்ல நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே, இது சோதனை, இதைக் கடந்துவிட்டால் போதும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் களைப்பாக இருக்கிறது, வரவில்லை என்றார். நான் தனியே சேர்ச்சுக்குப் போனேன். ஆராதனை முடியும் நேரம் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். என் கணவர் சுகமாகிவிட்டார், மெசினை விட்டுவிட்டோம், ஆண்டவருக்குத் தோத்திரம் என்றேன். சிலர் அழுதார்கள். எங்கள் போதகர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டில் அவர், படுக்க முடியாமல், முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார்.

திங்கட்கிழமை பாடசாலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து அவருக்கு மூச்சு எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். பாடப் புத்தகத்தில் படித்தவளுக்குத் தெரியாமலா? நான் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று செபித்தேன். தொலைபேசி மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்தால் அது அவிசுவாசம், எட்டு நாளும் வீணாகிவிடும் என்று நினைத்தேன். பதினொரு மணியிலிருந்து, பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்கும்வரை அப்படியே நின்றேன். அவர் என் தலையில் கையை வைத்திருந்தார். போவோம் என்று ஒரு தரமும் கேட்கவில்லை.

பாங்கு முடிந்து கொஞ்ச நேரத்தில் காக்கா வந்தார். யாரும் கூப்பிடவில்லை. மனது சரியில்லை, சும்மா சேரைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்று பிறகுதான் சொன்னார். திறந்திருந்த கதவால் எட்டிப் பார்த்தவர் செருப்பையும் கழற்றாமல் நேரே அறைக்குள் வந்து இவரைக் கமக்கட்டுக்குள் கை கொடுத்துத் தூக்கினார்.

"தொடாதீங்க! விடுங்க அவரை!" என்று நான் கத்தினேன். அதைவிட மோசமாகவும் ஏதோ சொன்னேன். அவருடைய மார்க்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

"ஏசுங்க, டீச்சர். மறுகா ஆறுதலா எவ்வளவும் ஏசுங்க. இப்ப கால்ப்பக்கத்தைப் பிடிங்க."

நான் பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் நேரே மெசினில் போட்டார்கள். எத்தனை தடவை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று தாதி கேட்டாள். "வர வாகனம் கிடைக்கல்ல, மிஸ்" என்று காக்கா சொன்னார். இரண்டு வருடம் பிந்தாமல் வந்த மனிதர், தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு தாதியிடம் பேச்சு வாங்கினார்.

என் கணவர் பிழைத்தார். மூன்றாம் நாள்தான் ஒழுங்காகக் கதைக்க முடிந்தது. நான் கட்டில் விளிம்பில் இருந்து, "எனக்கு விசுவாசம் போதாமப் போச்சு" என்றேன். அவர் கை அசைத்து என்னை நிறுத்தினார்.

"விசரி மாதிரிக் கதைக்காதையும். எனக்கு அந்த மனிசன்ட சொல்லில நம்பிக்கை வரவேயில்ல."

"அப்ப ஏன் நிண்டீங்க?"

அவர் முகட்டைப் பார்த்தபடி சொன்னார். "ரெண்டு வருசமா உம்மட முகத்தில சிரிப்பில்ல. அண்டைக்கு அந்தப் பந்தலை விட்டு வரேக்குள்ள சிரிச்சீர். ஒரு நாலு நாள் சிரிச்சுக்கொண்டு இருக்கட்டுமே எண்டு நினைச்சன். பிறகு சொல்லுவம் எண்டால், சொல்ல வாய் வரல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அந்தத் தண்ணி நல்லாயிருந்தது" என்றார்.

நான் வார்ட்டை விட்டு வெளியே வந்து, கன்டீனுக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகள் வைத்திருந்த இடத்தில் நின்று அழுதேன். தீமை என்றால் அது வேறு யாருடைய முகத்தோடோ வரும், வந்தால் அடையாளம் தெரியும் என்றுதான் இவ்வளவு காலமும் எண்ணியிருந்தேன். அது முழங்காலில் நின்றது. என்னுடைய குரலில் செபித்தது. நன்மையோ என் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, வெளியே ஓட்டோவுக்குள் பசியோடு இருந்தது.

இன்னொரு காரியமும் மிச்சமிருந்தது. என்னுடைய சாட்சியைக் கேட்டவர்களில் சீனி வருத்தமுள்ள ஒரு பெண் இருந்தாள். மருதமுனைப் பக்கம் தையல் வேலை செய்பவள். அவள் தன்னுடைய குளிசைகளை நிறுத்திவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அடுத்த நாளே அவளுடைய வீட்டுக்குப் போனேன். "நான் சொன்னது பிழை. அவருக்குச் சுகம் வரல்ல. தயவுசெய்து மருந்தைப் போடுங்க" என்றேன்.

அவள் தையல் மெசினை நிறுத்தினாள். என்னில் கோபப்படுவாள் என்று தெரியும். ஆனால் பொய் சொன்னதற்காக அவள் கோபப்படவில்லை. "ஏன் டீச்சர் வந்து சொன்னீங்க? ஒரு கிழமையா நான் நிம்மதியா நித்திரை கொண்டன்" என்றாள். மறுபடி தையல் மெசினை மிதித்தாள். மருந்தைத் திரும்பத் தொடங்கினாள். என்னோடு கதைப்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

அதன் பிறகு அவர் நான்கு மாதம் இருந்தார். அந்த நான்கு மாதமும் எங்கள் வாழ்க்கையிலேயே அமைதியான காலம். ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் அவர் ஒவ்வொரு முறையும் செய்யும் செபத்தை நான் அப்போதுதான் காது கொடுத்துக் கேட்டேன். மெசினுக்காக நன்றி சொல்வார். தாதிமாருக்காகவும், காக்காவின் வண்டி டயருக்காகவும்கூடச் சொல்வார். சுகம் தாரும் என்று கேட்கவே மாட்டார். ஒரு நாள் கேட்டேன், ஏன் கேட்பதில்லை என்று.

"கேட்டனான். முதல் வருசம் முழுக்கக் கேட்டனான். பிறகு வேற ஒண்டு கேட்கத் தொடங்கிட்டன்."

"என்ன?"

"பயந்து செத்துப்போகாம இருக்க வேணும் எண்டு. பயம் இருக்கு. இல்லையெண்டு சொல்லேலாது. ஆனா நான் பிழைச்சாத்தான் ஆண்டவர் இருக்கிறார், செத்தா இல்லையெண்டு இல்லத்தானே. சிலுவையில தொங்கினவரையும் இறக்கிவிட யாரும் வரல்ல."

அவர் ஒரு மாசி மாதத்துப் பகலில், பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரியில் இறந்தார். இருதயம் நின்றுவிட்டது. நான் டொக்டரிடம் கேட்டேன், அந்த எட்டு நாள் இல்லாவிட்டால் இன்னும் இருந்திருப்பாரா என்று. அவர் நல்ல மனிதர். "சொல்ல ஏலாது, டீச்சர். இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம்" என்றார். அந்தப் பதிலோடுதான் நான் வாழ்கிறேன்.

அடக்கத்துக்குச் சவளக்கடையிலிருந்து விவசாயிகள் அறுவடை வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். காக்கா மதிலோரம் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். எல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு போதகர் என்னிடம் வந்தார். "அண்டைக்கு நீங்க சாட்சி சொல்லேக்குள்ளயே எனக்குப் பிழையெண்டு தெரியும். எழும்பித் தடுத்திருக்க வேணும். சனம் என்னை அவிசுவாசி எண்டு சொல்லிப்போடும் எண்டு பயந்துட்டன்" என்றார். நான் அவரை மன்னித்தேன். அது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை.

கஷ்டமாக இருந்தது மற்றவரை மன்னிப்பதுதான். ஒரு வருடம் கழித்து அந்த ஊழியக்காரர் மறுபடியும் மச்சாள் வீட்டுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டேன். காக்காவின் ஓட்டோவில் போனேன். கூட்டம் பின்னேரம்தான். காலையில் அவர் முற்றத்து மாமரத்தடியில் தனியே கதிரையில் இருந்தார். முன்பு பார்த்ததைவிட முதிர்ந்துபோயிருந்தார். நான் யாரென்று சொன்னேன். அவருக்கு நினைவில்லை. என் கணவருடைய கையைப் பற்றியும் மெசினைப் பற்றியும் சொன்ன பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

"கடைசி நேரம் அவர் சந்தேகப்பட்டாரோ, தங்கச்சி?"

என் உடம்பெல்லாம் எரிந்தது. "அவர் ஆண்டவரைச் சந்தேகப்படல்ல. நான் சந்தேகப்படல்ல. நீங்க சொன்னது பிழை. நீங்க சொன்னதைக் கேட்டு நான் என்ட புருசனைக் கொல்லப் பாத்தன்" என்றேன்.

அவர் கோபப்படுவார், வசனம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "என்ட மனிசிக்கு மார்பில கட்டி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டு அழுதாள். நான்தான் வேண்டாமெண்டு சொன்னன். ஆண்டவர் தருவார் எண்டு சொன்னன்." அவர் கதிரையை என் பக்கம் திருப்பினார். "நீங்க சொல்லுறது சரியெண்டா, தங்கச்சி, அவளை நான்தான் கொன்றது. அதை எப்படி நான் சரியெண்டு சொல்லுறது?"

நான் அவரை வெறுக்க வந்தவள். ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் எவ்வளவு இலேசாக இருந்திருக்கும்! அவர் தன் மனைவியின் சாவைத் திரும்பிப் பார்க்க முடியாமல்தான் ஊர் ஊராகப் போய் அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் பிழைத்துவிட்டால் அவர் செய்தது சரியாகிவிடும். காக்கா அன்று வராமல், என் கணவர் அந்தக் கட்டிலிலேயே போயிருந்தால், நானும் இன்றைக்கு ஏதாவது ஒரு பந்தலுக்குள் நின்று இதையே சொல்லிக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது.

"நிப்பாட்டுங்க, ஐயா. உங்களுக்காகவும்தான் சொல்லுறன்" என்றேன். பின்னேரம் வழக்கம்போலக் கூட்டம் நடந்தது. மச்சாள் என்னைப் போகச் சொன்னாள். நான் போகவில்லை. முன்வரிசையில் மூச்சு இழுக்கிற ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் போயிருந்து, "செபிக்கட்டும், நல்லம். ஆனா மருந்தை நிப்பாட்டிப் போடாதீங்க, மகள்" என்றேன். என் கதையை அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். ஊழியக்காரருக்கு அது கேட்டிருக்கும். என்னைப் பார்த்தார். தடுக்கவில்லை.

அந்த மனிதரை முழு மனதோடு மன்னித்துவிட்டேன் என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை. சேர்ச்சில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் செபத்தில் மன்னிப்பைப் பற்றிய வரி வரும்போது என் வாய் அசைகிறது, சத்தம் வருவதில்லை. என்னை நான் மன்னித்ததைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆண்டவர் மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன். நம்பிக்கை என்ற சொல்லுக்கு இப்போது எனக்குத் தெரிந்த பொருள் அவ்வளவுதான்: கையில் ஒரு அத்தாட்சியும் இல்லாமல், இருட்டில் தடவிக்கொண்டு நடப்பது.

இப்படியான கூட்டங்கள் எங்கே நடந்தாலும் நான் போகிறேன். பின்னால் இருப்பேன். வருத்தக்காரர்களிடம் மெதுவாகக் கதைப்பேன். அவிசுவாசி என்று எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சிலர் எழும்பிப் போய்விடுவார்கள். சிலர் கேட்பார்கள்.

போன மாதம் ஒரு பெண், நெஞ்சில் கட்டியோடு வந்தவள், நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப டீச்சர், செபத்தால என்ன பிரயோசனம்?" என்று கேட்டாள். ஞாயிறு பாடசாலையில் இருபது வருடம் பதில் சொன்னவள் நான். "தெரியாது மகள்" என்றேன். அடுத்த நாள் காலை காக்காவைக் கூப்பிட்டு அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நோயாளிகள் காத்திருக்கும் வாங்கில் நெருக்கமாக இருந்தோம். அவள் பயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் சத்தமாக நான் செபித்தேன், அவளுடைய நம்பரைக் கூப்பிடும்வரை.